கண்டல் வளர்க்கப் பணம் உண்டு



நம் நெய்யாறு பூவாறில் கடலோடு சேருகிறது. அங்கே கரை மண்ணைப் பிடித்து நிற்பது கண்டல் மரம். புத்தகத்தில் அதன் பெயர் அலையாத்தி. அதன் வேர் அலையின் வேகத்தைக் குறைக்கும். வேருக்கிடையில் மீன்குஞ்சு வளரும்.

கண்டல் வளர்க்க மத்திய அரசு 2023-இல் ‘மிஷ்டி’ திட்டத்தைத் தொடங்கியது. ஏரி, காயல்களைக் காக்க 2013-இல் தொடங்கியது வேறு திட்டம். அதில் நூறு ரூபாய் செலவுக்கு மத்திய அரசின் பங்கு 60. மாநிலத்தின் பங்கு 40.

இந்தப் பணம் நம் கரைக்கும் வர வேண்டாமா? கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அங்கே கேளுங்கள். பணம் வந்தால் கணக்கையும் கேளுங்கள். எத்தனை கன்று நட்டார்கள்? எத்தனை பிழைத்தது?

கைநாட்டுக் காலம் போய்விட்டது. தீர்மானத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.