அரை நூல் பிசகினால் ஒரு இஞ்சு போச்சு

(நம் குடியிருப்பின் பொது அறையில் நடந்த தையல் வகுப்பில் பேசியது)



அம்மா கட்டிய நூல் சேலை ஒன்றாவது உங்கள் பீரோவில் இருக்கும். கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அதை வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். இரண்டரை இஞ்சு சதுரம், வரிசைக்கு 10. ஓரத்துக்கு இருபதரை இஞ்சில் சேலைக் கரையை வெட்டி வைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சதுர வரிசை ஒரு இஞ்சுக்கு மேல் குட்டை! பிரித்துத் தைக்கப் போனேன். நைந்த துணி, தையல் ஓட்டையோடு கிழிந்துவிட்டது. அந்தச் சேலையில் இனி வெட்ட இடமில்லை.

தப்பு எங்கே? இஞ்சுக்கு 8 நூல். தையலுக்கு விட வேண்டியது 2 நூல், அதாவது காலிஞ்சு. நான் விட்டது இரண்டரை. ஒரு தையலில் இரண்டு ஓரம், ஆக ஒரு நூல் நஷ்டம். 10 சதுரத்துக்கு 9 தையல். 9 நூல் போச்சு.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். அடித்துணியின் மேல் துண்டுகளை வைத்துக் கையால் தைப்பது. ஒரு துண்டு கொஞ்சம் குறைந்தால் அடுத்த துண்டு மூடிவிடும். நாம் மிஷினில் துண்டோடு துண்டு சேர்க்கிறோம். மூட இடமில்லை, பிசகு கூடிக்கொண்டே போகும்.

அதனால் சேலையில் கத்தரி வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

ஒரு அட்டையில், வலது ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளிக் கோடு போடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியை அந்தக் கோட்டில் இறக்குங்கள். அட்டை ஓரம் நிற்கும் இடத்தில், மிஷின் பல்லின் மேல் படாமல், மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி அதில் உரசியபடி நேராக ஓடும். அழுத்தும் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். அது எல்லா மிஷினிலும் காலிஞ்சு இருக்காது.

அடுத்து, ஒன்றரை இஞ்சு அகலத்தில் மூன்று வெட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுத்துண்டை அளங்கள். சரியாக ஒரு இஞ்சு இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். கூடினால் தள்ளி ஒட்டுங்கள். சரியாகும்வரை விடாதீர்கள்.

சேலைத் துணிக்குக் கஞ்சி போட்டு, காய்ந்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இழுபடாது. தையலை எப்போதும் ஒரு கந்தல் துண்டில் தொடங்கி, நூலை அறுக்காமல் சேலைத் துண்டுக்கு வாருங்கள். மிஷின் மூலையைக் கடித்து உள்ளே இழுக்காது. ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்போடு மடிப்பு பொருந்தி, மூலைகள் சேர்ந்து நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி வையுங்கள்.

அம்மாபேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. ஒரு இழை தப்பினால் என்னவாகும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வகுப்புக்குச் சேலையைக் கொண்டுவர வேண்டாம். நம் அயோத்தியாப்பட்டணம் டெய்லர் கடைகளில் கேட்டு, மூன்று வெட்டுத்துணி வாங்கி வாருங்கள். நடுத்துண்டு ஒரு இஞ்சு வரட்டும். பிறகு சேலையை எடுப்போம்.