தாத்தா ஏறிய கப்பலைத் தேடுங்கள்

"எங்க தாத்தா கப்பல்ல வேலை பார்த்தாராம். எந்தக் கப்பல், எந்த வருஷம், ஒண்ணும் தெரியல. எங்கே போய்க் கேட்கிறது?" இப்படிக் கேட்டு வருகிற எல்லோரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன். தாத்தாவின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அவர் ஏறிய கப்பலைத் தேடுங்கள்.

ஏன் என்றால், நம் ஆட்களின் பெயர் கப்பல் காகிதங்களில் நிலையாக நிற்காது. துறைமுகத்தில் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஒரு பயணத்தில் அப்பா பெயர் முன்னால் வரும், அடுத்த பயணத்தில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். ஊரும் அப்படித்தான்: டூட்டிக்கொரின், நெகபட்டம், டின்னவெல்லி என்று எழுதி, கிராமத்தின் பெயரை விட்டுவிடுவார்கள். கப்பல் அப்படியல்ல. பிரிட்டிஷ் கொடியில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பதிவு எண் உண்டு. பெயர் மாறினாலும், முதலாளி கை மாறினாலும், அந்தக் கொடியின் கீழ் இருக்கும்வரை அந்த எண் மாறாது.

என் தாத்தா விஷயத்தில் நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஆளே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு இரவு ரயிலில் திரும்பும்போது தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் கடலில் கிடந்த மனுஷன் காகிதத்தில் இல்லை என்றால் எப்படி இருக்கும்? பிறகு பாட்டியின் தகரப் பெட்டியில், பழைய பட்டுப் புடவைக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்த சின்னப் புத்தகம் கிடைத்தது. நான் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான்.

அந்தப் புத்தகத்தைத்தான் சிடிசி என்பார்கள். கப்பலோட்டிகள் ஒவ்வொருவரும் வைத்திருந்த தொடர் பணிச் சான்று அது. உங்கள் வீட்டிலும் பரணிலோ, பீரோவின் அடித்தட்டிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கலாம். முன்பக்கம் புகைப்படம், கைநாட்டு, உயரம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். எந்த ஊர் ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகம் கொடுத்தது என்ற முத்திரையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி: கப்பலின் பெயர், பதிவு எண், ஏறிய நாளும் துறைமுகமும், இறங்கிய நாளும் துறைமுகமும், என்ன வேலை என்பது. கடைசியில் 'வி.ஜி.' என்று ஒரு முத்திரை. 'மிக நன்று' என்று கேப்டன் கொடுத்த நற்சான்று அது. அந்த முத்திரை விழவில்லை என்றால் அடுத்த கப்பல் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் அந்தப் புத்தகத்தைப் பொன்னைப் போலப் பாதுகாத்தார்கள்.

என்ன வேலை என்று எழுதியிருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தியக் கப்பலோட்டிகளுக்கென்று தனிச் சொற்கள் இருந்தன. மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்குக் கீழே திண்டல். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. சாதாரணத் தள ஆள் கலாசி. இயந்திர அறையில் எண்ணெய் விடுபவர் தேல்வாலா, நெருப்பைக் கவனிப்பவர் ஆக்வாலா, கரி தள்ளுபவர் கோய்லாவாலா. கப்பல் ஆட்களுக்குச் சமைப்பவர் பண்டாரி. வீட்டில் "தாத்தா தண்டல்" என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். தூத்துக்குடிப் பக்கம் தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் பெரிய கப்பல்காரர் இல்லை. அவரைத் தேடும் வழியே வேறு: தோணி முதலாளி குடும்பத்தையும் துறைமுகப் பதிவையும்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தாத்தா கப்பலில் 'ஆபீசர்' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். புத்தகத்தில் வரிக்கு வரி 'பண்டாரி' என்று இருந்தது. வீட்டில் அவர் அடுப்படிப் பக்கமே வந்ததில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. உங்களுக்கும் இப்படி வரலாம். வந்தால் மறைக்காதீர்கள். அலையடிக்கிற கப்பலில் நாற்பது ஐம்பது பேருக்கு இரண்டு வேளையும் பொங்கிப் போட்ட மனுஷரை நான் ஆபீசரைவிட ஒரு படி மேலாகத்தான் வைக்கிறேன்.

கப்பலின் பெயர் கையில் வந்ததும் கதவு திறக்கும். தாத்தாவின் புத்தகத்தில் அதிகம் வந்த பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் சனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. 1973-இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. தாத்தாவின் கடைசி வரியில் 'ரங்கத்' என்று இருந்ததைப் பார்த்து, வேறு கப்பலுக்கு மாறிவிட்டார் என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை, அதே அடுப்பங்கரைதான். கப்பல்களின் அளவு, கட்டிய இடம், முதலாளி எல்லாவற்றையும் லாயிட்ஸ் பதிவேடு வருஷாவருஷம் அச்சிட்டிருக்கிறது. பழைய தொகுதிகள் பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம்.

புத்தகமே கிடைக்கவில்லை என்றால்? மும்பை, கொல்கத்தா, சென்னை ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்களுக்கு எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களைக் கூடவே வையுங்கள். 1960களின் நடுவிலிருந்து வேலை பார்த்தவர் என்றால் இன்னொரு நல்ல வழி உண்டு. கப்பலோட்டிகளுக்கென்று 1966-இல் தனி வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதி அலுவலகம் மும்பையில் இருக்கிறது. பணக் கணக்கு என்பதால் பெயரும் கணக்கு எண்ணும் அங்கே கவனமாகவே இருக்கும். வீட்டில் பழைய மணியார்டர் ரசீது, சங்கத்தின் உறுப்பினர் அட்டை எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

பிரிட்டிஷ் கப்பல் என்றால் இங்கிலாந்துக்கும் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் ஆட்களோடு எழுதிய ஒப்பந்தங்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. 1915-ஆம் வருஷத்துப் பட்டியல் இணையத்தில் இலவசம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். மற்ற பல வருஷங்களின் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. நம்மவர்களின் ஒப்பந்தம் பம்பாயிலோ கல்கத்தாவிலோ தனியாக எழுதப்பட்டது என்பதால், ஆங்கிலேயர் பெயர்கள் முடிந்ததும் மூடிவிடாமல் கடைசித் தாள்வரை புரட்டச் சொல்லுங்கள்.

போரில் திரும்பி வராதவர் என்றால், மும்பை மஸ்ஜித் பந்தரில் இந்திய மாலுமிகள் இல்லத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்களைத் தேடலாம். கல்லறை கிடைக்காமல் கடலோடு போனவர்கள் ஆயிரக்கணக்கில் அதில் இருக்கிறார்கள். இங்கே மட்டும் பெயரை வைத்துத் தேடித்தான் ஆக வேண்டும். எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள்.

தேதிகளை எடுத்த பிறகு ஒரு நீளத் தாளில் கோடு போட்டு, மேலே பயணங்களையும் கீழே வீட்டு விசேஷங்களையும் எழுதுங்கள். எனக்கு இது நிறையச் சொல்லிக்கொடுத்தது. அம்மாவின் காதுகுத்துக்குத் தாத்தா வந்திருந்தார் என்று எல்லோருக்கும் ஞாபகம், வருஷம் யாருக்கும் தெரியாது. இரண்டு பயணங்களுக்கு நடுவே நாலு மாத இடைவெளி ஒன்றுதான் அதற்குப் பொருந்தியது. மற்ற விசேஷம் ஒவ்வொன்றின்போதும் மேல் கோட்டில் அவர் கடலில் இருந்தார். அவருடைய தம்பி இறந்தபோதும்.

ரஜூலாவின் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துப் பாட்டியிடம் கொடுத்தேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையே செய்யுங்கள், பக்கத்தில் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு. கேள்விக்கு வராத பதில் படத்துக்கு வரும். பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இதுல அவருக்குக் கூடமாட ஒத்தாசைக்கு ஒரு நாகூர்ப் பையன் இருந்தானே, ஒவ்வொரு நோன்புக்கும் கடுதாசி போடுவானே" என்றார். அப்படி ஒருவரைப் பற்றி நாங்கள் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை நாகூர் போகிறேன்.