நின்ற இடத்தில் ஆடும் வண்டி

(தொடர்கல்வி மையம் ஒன்றில் ஓட்டுநர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிகழ்த்திய உரை)



பிக்கப் வண்டி ஓடும்போது நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் ஆடுகிறது. கண்ணாடி நடுங்குகிறது. கியர் கம்பி தலையாட்டுகிறது. சில நேரம் இருமிக்கொண்டே நின்றுபோகிறது. டிரைவர்கள் இதை "ஸ்லோவில் நிற்கவில்லை" என்பார்கள். "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்றும் சொல்வார்கள். இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

ஏன் ஆடுகிறது? பல டீசல் பிக்கப்களில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. நான்கும் முறை வைத்து வேலை செய்கின்றன. இன்ஜின் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை டீசலை எரிக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு 400 முறை டீசல் எரிகிறது.

நான்கு பேர் பல்லக்குத் தூக்குகிறார்கள். ஒருவர் தோள் கொடுக்கவில்லை. பல்லக்கு என்ன ஆகும்? ஒரு பக்கம் சாயும், ஆடும். இன்ஜினும் அப்படித்தான். வேகமாகச் சுற்றும்போது பிளைவீலின் கனம் இந்தக் குறையை மறைத்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது குறை வெளியே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2005-இல் வந்த டாட்டா ஏஸ் வண்டியில் இரண்டே சிலிண்டர்கள்தான். அந்த மாதிரி இன்ஜினுக்குக் கொஞ்சம் ஆட்டம் பிறவிக் குணம். வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ, அதைவிட அதிகமாக ஆடினால்தான் கவலைப்பட வேண்டும்.

வண்டி ஆடத் தொடங்கியதும் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். "ஸ்லோவைக் கொஞ்சம் ஏற்றி விடப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறார்கள். அவரும் ஸ்குருவைத் திருகி விடுகிறார். ஆட்டம் அடங்கிவிடும். பழுது அப்படியே இருக்கும். டீசல் மட்டும் கூடுதலாகச் செலவாகும். காய்ச்சல்காரருக்குப் போர்வை போர்த்திவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்று சொல்வதைப் போன்றது இது.

வேறு சிலர் நேராகப் பெரிய வேலைக்குப் போய்விடுகிறார்கள். "பம்ப்பைக் கழற்று, நாசிலைக் கழற்று" என்கிறார்கள். இதனால் எப்படிப் பணம் வீணாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம்.

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். அங்கே தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் வண்டி ஓட்டிப் பிழைக்கிறார்கள். அந்தப் பக்கம் தக்காளி நிறைய விளைகிறது. கோலார் தக்காளிச் சந்தை பெயர் பெற்றது. அந்தச் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் ஒரு டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனில் வாங்கிய பழைய பிக்கப். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். ஏலத்துக்கு முன் போய்ச் சேராவிட்டால் தக்காளிக்கு விலை இல்லை. அடுத்த முறை லோடு வேறு வண்டிக்குப் போய்விடும்.

வண்டி ஆடத் தொடங்குகிறது. ஒரு பட்டறையில் பம்ப்பையும் நாசிலையும் கழற்ற வேண்டும் என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆகும். வீட்டில் இருப்பது மனைவியின் கம்மல்தான்.

மனைவி நாற்பது வயதில் எழுத்துப் படித்தவர். அவர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்: "என்னங்க, எப்பெப்போ ஆடுதுன்னு சொல்லுங்க. எழுதி வைக்கிறேன்."

"எழுதினா வண்டி சரியாயிடுமா?"

"டாக்டர்கிட்ட போனா எந்த நேரத்துல காய்ச்சல் வருதுன்னு கேக்கறாரு இல்ல?"

நான்கு நாளில் நோட்டில் ஏறியவை இவை: காலை 4 மணிக்கு ஸ்டார்ட் ஆனது, ஒரு நிமிடம் ஆடி நின்றது. டீசல் நிறையப் போட்ட அன்று ஆட்டம் குறைவு. மேட்டில் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தினால் ஆட்டம் அதிகம். கைப்பம்ப் அடித்த பிறகு கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது.

இந்த நான்கு வரியும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. டீசல் லைன் ஏர் எடுக்கிறது. எப்படி? டாங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது. இன்ஜின் முன்னால் இருக்கிறது. பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கிறது. வழியில் ஓஸ் வெடித்திருந்தால் அதன் வழியாகக் காற்றும் உள்ளே போகும். இரவு முழுக்க நின்றால் லைனில் உள்ள டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். மேட்டில் நின்றால் இன்னும் வேகமாக இறங்கும். டாங்க் நிறைய இருந்தால் அவ்வளவாக இறங்காது. முக்கியமான விஷயம்: உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுக வேண்டும் என்பதில்லை. கீழே சொட்டு இல்லை, அதனால் லைன் நன்றாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

இதைச் சோதிக்கச் செலவு கிடையாது. டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாய்த் துண்டு ஒன்றை லைனில் இணைத்து ஓட விட வேண்டும். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று ஓடினால் கண்ணுக்கே தெரியும். இன்னொரு வழியும் உண்டு. சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பம்ப்புக்கு மேலே உயரமாக வைத்து, தனி ஓஸ் போட்டு நேராகக் கொடுக்கலாம். ஆட்டம் நின்றுவிட்டால் பம்ப்பும் நாசிலும் நல்லவை. பழுது டாங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கிறது. நமது டிரைவரின் வண்டியில் டாங்க் பக்கத்து ஓஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால்தான் அந்த வெடிப்புத் தெரியும். ஓஸும் கிளிப்பும் மாற்றி, லைனில் உள்ள காற்றைக் கைப்பம்ப் அடித்து வெளியேற்றினால் வேலை முடிந்தது. கம்மல் காதிலேயே இருக்கும்.

எல்லா ஆட்டத்துக்கும் ஏர்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் சேரும். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும், டீசல் மேலே நிற்கும். புகையையும் கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. முதலில் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டீசல் நாற்றத்தோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கிச் சூடாக்கித்தான் டீசலைப் பற்ற வைக்கிறது. அமுக்கம் குறைந்தாலும், நாசில் ஒழுங்காகத் தூவாவிட்டாலும் டீசல் சரியாக எரியாது.

கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பதும் ஒரு சோதனைதான். ஆட்டம் இருக்கிறது, ஆனால் சத்தம் சீராக இருக்கிறதா? அப்படியானால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கலாம். "டக்டக், டக்டக்" என்பதில் ஒரு "டக்" விட்டு விட்டு வருகிறதா? அப்படியானால் ஒரு சிலிண்டர் சும்மா இருக்கிறது.

எது அந்தச் சிலிண்டர் என்று பார்க்கப் பழைய மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்வார்கள். ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. பழைய பம்ப் உள்ள வண்டியிலும் இது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. காமன் ரெயில் வண்டியில் யாரும் செய்யக் கூடாது. அதன் பைப்பில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். பிறகு கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால், வலி இல்லை என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்ஜின் ஓடும்போது குனிந்து பார்ப்பவர்கள் துண்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெல்ட்டும் பேனும் துணியை இழுத்துக்கொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓட விடாதீர்கள். புகை ஆளை மயக்கும், கொல்லவும் செய்யும்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்துவிட்டது. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கோளாறு வந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்கேனர் போட்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். எந்தப் பகுதியில் குறை என்று அது காட்டும். எந்தச் சாமானை மாற்றுவது என்று அது சொல்லாது. அந்தப் பகுதியின் ஒயரையும் ஓஸையும் பார்த்த பிறகு சாமானை மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம்.