முதுகுவலி எல்லாம் வயசுவலி இல்லை
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதுகு வலித்தால் "வயசாச்சு சார்" என்று சொல்லித் தைலம் தடவிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். எப்போது சரியில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

எலும்பு கல் இல்லை. வங்கிக் கணக்கு மாதிரி, தினமும் வரவு செலவு உண்டு. ஒரு வகை செல் பழைய எலும்பை அரித்து எடுக்கும். இன்னொரு வகை புதிதாகக் கட்டும். காசநோய்க் கிருமி ரத்தத்தின் வழியே முதுகெலும்புக்குப் போய்விட்டால் செலவு ஏறிவிடும், வரவு ஈடுகொடுக்காது. எலும்பின் முன்பக்கம் அரித்து நொறுங்கும். முதுகு முன்னால் மடிந்து கூன் விழும். சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம்.

இருமலே இல்லாமலும் இது வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் முன்கூட்டியே தெரியும். சில வாரங்களாகக் குறையாத வலி, படுத்தாலும் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு, கால் மரத்துப்போதல் இருந்தால் வலி மாத்திரையோடு நிற்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

பயப்படவும் வேண்டாம். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இன்றும் இருக்கிறது. செஞ்சி பக்கத்துச் சேத்துப்பட்டு இல்லை. நம் ரயில் எழும்பூருக்கு முன்னால் கடக்கிற சேத்துப்பட்டு. 1970-களில் அந்த மையம் சென்னையில் முதுகெலும்புக் காசநோயாளிகளிடம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. படுக்கையில் கிடக்காமல், நடமாடிக்கொண்டே மருந்து மட்டும் சாப்பிட்டவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். இன்றும் பலருக்கு மருந்தே போதும். ஆனால் நொறுங்கி மடிந்த எலும்பை மருந்து நிமிர்த்தாது. அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் காசநோய் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மருந்து ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீளும். வலி போனதும் நிறுத்துவது தவணையைப் பாதியில் விடுவது போல. பாக்கி வட்டியோடு திரும்பி வரும்.

கடைசியாக ஒன்று. எலும்பில் மட்டும் காசநோய் உள்ளவர் மூச்சிலிருந்து யாருக்கும் தொற்றாது. நம் பிளாக்கில் யாருக்காவது வந்தால் லிப்டில் விலகி நிற்காதீர்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள்.