அந்நிய தேசத்தில் நோயுற்றால்



மொனராகலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலிருந்தும், பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தேயிலை மலைகளிலிருந்தும் பெண்களும் ஆண்களும் ஜீவனோபாயம் தேடிக் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வருஷந்தோறும் பிரயாணப்படுகிறார்கள். அங்கே என்ன சம்பளம், எத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று லயத்து வாசலில் நடக்கும் சம்பாஷணைக்குக் குறைவில்லை. அங்கே காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் ஒருவர் மொனராகலை ஆஸ்பத்திரிக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ போய்ச் சேர்ந்தால், முதற் கேள்வி "என்ன வருத்தம்?" என்பதுதான். வளைகுடா நாடுகளிலோ, உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவரை அநேகமாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றாலும், நாட்பட்ட இருமலோடும் வயிற்றுவலியோடும் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவன இக்காமா என்னும் வதிவிட அட்டையும், காப்புறுதி அட்டையும், கட்டாராக இருந்தால் அந்நாட்டுச் சுகாதார அட்டையுமே. வீட்டு வேலைக்குப் போன பெண்ணின் அட்டைகள் பல சமயங்களில் மேடம் எனப்படும் வீட்டு எஜமானியின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன; அவளுடைய வியாதியைத் தீர்மானிப்பவர் வைத்தியர் அல்லர், அலமாரியின் சாவியை வைத்திருப்பவரே என்னும் விபரீதம் இதனால்தான் நேர்கிறது.

"போகுமுன் மெடிக்கல் எடுத்தோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். காசநோய் உண்டா, மஞ்சட்காமாலைக் கிருமி உண்டா, கர்ப்பம் உண்டா என்று ஆராயும் அந்தப் பரிசோதனை, போகிறவருடைய தேகசுகத்தை உத்தேசித்து ஏற்பட்டதன்று. வரவழைக்கிற தேசம் தன்னைக் காத்துக்கொள்வதற்காக ஏற்படுத்தியது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரை, அக்கரையிலுள்ள மண்டபம் முகாமில் நாட்கணக்காக ஒதுக்கி வைத்து, அம்மைப்பால் குத்தி, அதன் பிறகே கப்பலேற்றினார்களே, அதிலும் பிரதான நோக்கம் இதுவேதான். அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வாந்திபேதியால் விழுந்தவர்கள் எண்ணற்றோர். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று ஒரு சட்டம் இலங்கையில் பிறந்ததோ 1872ஆம் ஆண்டிலேதான். கூலிக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு ஆளின் நோய் ஞாபகம் வருவது என்றுமே சற்றுத் தாமதமாகத்தான்.

ஆகையால் பிரயாணம் போகிறவரே முந்திக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மாதாமாதம் கிளினிக் போகிறவரிடம், காக்கித்தாள் உறை போட்ட ஒரு கொப்பி இருக்கும். மூலை மடங்கி, மருந்துக்கடை முத்திரை பதிந்து, வைத்தியரின் கிறுக்கெழுத்து நிறைந்த அந்தக் கொப்பிதான் அந்நிய தேசத்து வைத்தியருக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த அறிமுகக் கடிதம். நாம் பெனடோல் என்பதை இந்தியக் கடைக்காரர் டோலோ என்பார். இரண்டிலும் உள்ளது பரசிட்டமோல் ஒன்றே. கொப்பியில் எழுதியிருப்பது பெரும்பாலும் இவ்விதப் பொதுப்பெயரே ஆதலால், அது எந்தத் தேசத்திலும் செல்லும். அதன் பக்கங்களைத் தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். தூக்க மாத்திரையும் கடுமையான வலி மாத்திரையும் அந்நாடுகளில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடுமாதலால், வைத்தியரின் கடிதமின்றி அவற்றைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு போகிறவருக்குக் காப்புறுதி உண்டு. சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அது இல்லை. காசு மிச்சம் என்று சொல்லி அந்தக் குறுக்குவழியைக் காட்டுகிற தரகரை நம்பாதீர்கள். அங்கே படுக்கையில் விழுந்தவரைப் பற்றிச் செய்தி வந்தால், இங்குள்ள குடும்பத்தார் 1989 என்ற இலக்கத்தில் பணியகத்தை அழைத்து முறையிடலாம். குவைத், ரியாத், டோஹா நகரங்களிலுள்ள நம் தூதரகங்களில் தொழிலாளர் நலனுக்கென்றே தனிப்பிரிவும் இருக்கிறது. அம்பியூலன்ஸுக்குச் சவூதியில் 997, ஐக்கிய அரபு அமீரகத்தில் 998, கட்டாரில் 999, குவைத்தில் 112.

அடுத்த மாதம் விமானம் ஏறவிருக்கும் சகோதரிகளே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், வைத்தியச் செலவு யாருடையது, அட்டை யார் கையில் இருக்கும் என்ற இரண்டையும் ஏஜென்சிக்காரரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.