வினாவைப் படிக்கும் கல்வி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது வழக்கம். அதனைச் செயலாளரின் அறிக்கை செவ்வனே செய்துவிட்டது. ஆகவே, நாம் நமது தவறொன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

நமது மாலைப் படிப்பகத்தில் பல்லாண்டுகளாக அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு, நாளொன்றுக்கு இருபது சொற்கள் வீதம் மனப்பாடம் செய்வித்து வந்தோம். பிள்ளைகள் ஒப்பித்தனர், நாம் மகிழ்ந்தோம். தேர்வு முடிவுகள் வந்தபோது அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. தோற்றுத் திரும்பியவர்களோடு அமர்ந்து வினாத்தாளை மீண்டும் படித்தோம். விடை தெரியாமல் இழந்த மதிப்பெண்கள் சில. வினா விளங்காமல் இழந்தவை பல. “இது எனக்குத் தெரிந்ததுதானே ஐயா!” என்று ஒரு தங்கை தலையிலடித்துக் கொண்டார்.

அவ்வினா கூற்று–காரணம் வகையைச் சேர்ந்தது. கூற்றும் சரி, காரணமும் சரி; ஆயினும் அக்காரணம் அக்கூற்றுக்கு விளக்கமன்று. இரண்டும் சரியெனக் கண்டவுடனே அத்தங்கை முதல் விடையைக் குறித்துவிட்டார். ‘விளக்கமன்று’ என்ற சொல்லின் வாலில் அவர் கண் நிற்கவில்லை. வீட்டில் நாம் ‘இல்லை’ என்போமேயன்றி ‘அன்று’ என்று சொல்வதில்லை. வினாத்தாளின் தமிழ் எவர் வீட்டிலும் பேசப்படுவதன்று என்பது உண்மையே. எனினும் பாட்டனும் தந்தையும் படித்த வீட்டில் அது செய்தித்தாள் வழியாகவேனும் பிள்ளையின் காதில் விழுந்திருக்கும். முதல் தலைமுறையாகப் பள்ளி சென்ற நம் பிள்ளைகளோ, இந்தப் பழக்கக் குறையைத் தம் அறிவுக் குறையென்று எண்ணி மனமுடைகின்றனர்.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வை எண்ணிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். வினா ஒன்றுக்கு 54 விநாடிகள். அவற்றுள் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிப் பகுதிக்கு உரியவை. அப்பகுதியில் 40 விழுக்காடு பெறாதவருடைய மறுபகுதி கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வரலாறும் கணக்கும் எவ்வளவு தெரிந்திருந்தும் பயனின்றிப் போகும்.

சொல்லை எவ்வாறு கற்பது? வாக்கியத்தோடு கற்க வேண்டும். உறவுகளோடு கற்க வேண்டும். ‘ஆள்’ என்னும் ஒரு வேரிலிருந்து ஆட்சி, ஆட்சியர், ஆளுநர், ஆளுகை எனக் கிளைகள் விரிகின்றன. ‘ஒதுக்கு’ என்பதன் பொருளை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தவர்கள் நாம். அதே வேரிலிருந்துதான் ‘நிதி ஒதுக்கீடு’ம் ‘இடஒதுக்கீடு’ம் வருகின்றன. ஒன்று தள்ளி வைக்கிறது. மற்றொன்று உரிமையாக எடுத்து வைக்கிறது. எப்பொருள் என்பதை அருகிலுள்ள சொற்களே காட்டும். பட்டியலில் தனித்து நிற்கும் சொல் இதனைக் காட்டுமா? 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சொற்பொருளை ஆராய்வதைத் தம் பெரும்பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தார் என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

பத்தியைப் படித்து விடையளிக்கும் பயிற்சிக்கு அரசமைப்பின் 17ஆம் பிரிவை எடுத்துக்கொண்டோம். மிகச் சிறிய பகுதி. தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவிலும் அதனைக் கடைப்பிடித்தல் கூடாது, அதனைக் காரணமாக்கி ஒருவர்மீது தடைகளைச் சுமத்துதல் சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்பதே அதன் கருத்து. “இக்குற்றத்திற்கு எவ்வளவு சிறைத்தண்டனை என்று இப்பிரிவு கூறுகிறது?” என்று வினவினோம். பலர் தயங்காமல் “ஆறு மாதம்” என்றனர். எங்கோ படித்த செய்தி அது; பொய்யுமன்று. 1955இல் இயற்றப்பெற்று, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்ற சட்டத்தின் பல பிரிவுகளில் மேல்வரம்பு அதுவே. ஆனால் 17ஆம் பிரிவில் கால அளவே இல்லை. ‘சட்டப்படி’ என்ற ஒரு சொல்லால் அப்பிரிவு நம்மை வேறொரு சட்டத்திடம் அனுப்புகிறது. பத்தியில் உள்ளதைக் கேட்டால் பத்தியிலிருந்தே சொல்ல வேண்டும். இவ்வொழுக்கம் தேர்வறையோடு முடிவதுமில்லை. கையொப்பமிடச் சொல்லி நீட்டப்படும் கடன் பத்திரத்திலும் பட்டாவிலும் ‘இருக்கும்’ என்று நாம் எண்ணிக்கொண்டது வேறு, எழுதியிருந்தது வேறு என்பதால் நிலமிழந்த குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு.

ஆகவே பட்டியலை நிறுத்திவிட்டோம். இப்போது படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுத் தம் சொந்தப் பேச்சில் அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். செய்தித்தாளின் தலையங்கம் ஒன்று போதும். புரியாத சொல்லுக்கு முதலில் பொருளை ஊகிக்க வேண்டும், பின்னரே அகராதி. சொல்லை எழுதும்போது அது வந்த வாக்கியத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தருவதால் இதற்குப் பெரிதும் உதவுகிறது. எழுதப்படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கும் இதில் பணியுண்டு. அன்று படித்ததைப் பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்கு விளங்குமாறு அவன் சொல்ல இயலாவிடில், அவனுக்கே இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளலாம். மீண்டும் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். படிப்பகத்தில் இருப்பது ஒரே அகராதி. பலர் புரட்டியதில் அதன் முற்பக்கங்கள் கிழிந்து, ‘அ’ முழுவதும் காணாமற்போயிற்று. நிறைவு நாளன்று மாலையும் பொன்னாடையும் கொண்டுவர எண்ணியுள்ள அன்பர்கள், அப்பணத்தில் அகராதி வாங்கி வருவார்களாக.