இருதயம் ஓய்வெடுக்கும் நேரம்

நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இருதயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு அறை, நான்கு வால்வு. வலது பக்கம் அசுத்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் நுரையீரலில் சுத்தமாகி வந்ததை உடம்பு முழுக்கத் தள்ளும். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர். பரீட்சைக்கு இது போதும். எனக்குப் பிடித்தது வேறு சங்கதி.

என் மாணவிகளை முதலில் கறிக்கடைக்குத்தான் அனுப்புவேன். "அண்ணாச்சி, கத்தி படாம ஒரு ஆட்டு இருதயம் குடுங்க" என்று அவர்கள் கேட்க, அவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வாங்கி வந்ததைக் கழுவி, உள்ளே உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு, மகாதமனி என்கிற பெரிய குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். தண்ணீர் உள்ளே இறங்காது, நிற்கும். எட்டிப் பார்த்தால், சட்டைப்பை மாதிரி மூன்று மெல்லிய மடிப்புகள் நிரம்பி, ஒன்றையொன்று முட்டி வழியை அடைத்திருக்கும். பிள்ளைகள் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவார்கள். உயிர் போன பிறகும் வால்வு தன் வேலையைச் செய்கிறதே!

அந்த மடிப்புகளுக்கு மேலேயே குழாயின் சுவரில் இரண்டு சின்னத் துளைகள் தெரியும். கரோனரி ரத்தக்குழாய்கள் புறப்படுகிற இடம். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இருதயம், முதல் பங்கைத் தனக்கே எடுத்துக்கொள்கிறது. அதிலும், இறுகிச் சுருங்கும்போது இடது பக்கத்துச் சதைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. தளரும்போதுதான் ஓடும்.

"இருதயம் ஓய்வே இல்லாமல் உழைக்கிறது" என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நிமிஷத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் சுருங்குவது சுமார் 0.3, தளர்ந்து விரிந்திருப்பது சுமார் 0.5. பாதிக்கு மேல் ஓய்வுதான்! அறைகள் நிரம்புவதும் சதை பசியாறுவதும் பெரும்பாலும் அப்போதுதான். துடிப்பு 150 ஆனால் மொத்தமே 0.4 விநாடி. சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். பெரிய வெட்டு விழுவது ஓய்வு நேரத்தில்.

இதை நான் புத்தகத்தில் படித்தாலும், விளங்கியது வார்டில்தான். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பெண், ஏழாம் மாசம். இருமல், இளைப்பு. "மாசமா இருக்கிறவளுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்றார் மாமியார். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய் என்று கேட்டேன். "தலையணையா? சுவத்துல சாஞ்சுதான் உறங்குதேன் சிஸ்டரம்மா." நாடி 120.

சின்ன வயதில் காய்ச்சலோடு ஒரு முட்டி வீங்கியதாம். அது வற்றியதும் அடுத்த முட்டி. வாயு என்று எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வரும் ஒரு கிருமிக்குப் பிறகு, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. மூட்டு ஆறிவிடும்; வால்வு ஆறாது. இடது பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டியது, ஒட்டிச் சுருங்கிப்போகும். கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. வாசலும் சின்னது, திறந்திருக்கும் நேரமும் குறைவு. போக வழியில்லாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். நம் பக்கத்துப் பெண்களுக்குச் சாதாரணமாக இருக்கிற ரத்தசோகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பெண்ணைத் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். தாயும் பிள்ளையும் சௌக்கியமாக ஊர் திரும்பினார்கள்.

மாணவிகளே, நாடியை 15 விநாடி பார்த்து நாலால் பெருக்குகிற வேலை என்னிடம் ஆகாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் இரண்டு பேர் நில்லுங்கள். ஒருத்தி மணிக்கட்டில், ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பை இடது மார்பின் ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து. ஒரே கடிகாரம், ஒரு முழு நிமிஷம். இருதயத்தில் 120, கையில் 96 என்று வந்தால், 24 துடிப்பு கை வரை வந்து சேரவில்லை. அந்தக் கணக்கை எழுதி வைத்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

நேரம் ஓடிவிட்டது. மாரடைப்பு பற்றிச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். அந்தச் சின்னத் துளைகளில் தொடங்கும் குழாய் அடைபடுவதுதான் அது. நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டினால் சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், விளாத்திகுளம், புதூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆனாலும், ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது.

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒன்று. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 21 நாளைக்கு ஒரு தரம் பெனிடியூர் என்கிற பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருப்பார்கள். வலிக்கிறது என்று அழும், பள்ளிக்கூடம் கெடும், பஸ் கிடைக்காது, எல்லாம் தெரியும். பிள்ளை ஓடியாடி விளையாடுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் போதும் என்று சொல்லும் வரை கூட்டி வாருங்கள்.